பவர்டு ஸ்பீக்கர் வாங்கிய பிறகும் ரேக்கில் ப்ராசசர் வேண்டுமா?

வைகை_பீட்ஸ்:
வணக்கம். மதுரை பக்கம் கல்யாண ரிசப்ஷன், காலேஜ் ஃபங்ஷன் என்று டிஜே வேலை செய்கிறேன். இதுவரை பாசிவ் பாக்ஸ் (உள்ளே ஆம்ப் இல்லாதது), இரண்டு ஆம்ப், நடுவில் டிபிஎக்ஸ் டிரைவ்ராக் பிஏ2 ப்ராசசர் (ஆம்புக்கு முன்னால் சத்தத்தைப் பிரித்துத் திருத்தும் பெட்டி) என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆம்ப் ரேக்கைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. அதனால் பாக்ஸ், ஆம்ப் எல்லாவற்றையும் கைமாற்றிவிட்டு உள்ளேயே ஆம்ப் உள்ள பவர்டு பாக்ஸாக யமஹா டிஎக்ஸ்ஆர்12 டாப் இரண்டு, பேஸுக்கு டிஎக்ஸ்எஸ்15 சப் இரண்டு எடுத்திருக்கிறேன். பிஏ2வை மட்டும் விற்கவில்லை.

இப்போது குழப்பம். மிக்ஸரிலிருந்து நேராக சப், சப்பிலிருந்து டாப் என்று போட்டால் கிக் நெஞ்சில் அடிக்கிறது. நடுவில் பிஏ2வை மாட்டினால் சத்தம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அந்த அடி காணாமல் போகிறது. கடைக்காரர் ப்ராசசர் போட்டால்தான் பாக்ஸ் பிழைக்கும் என்கிறார். கூட வரும் பையன் பவர்டு பாக்ஸுக்கு அது தெண்டம் என்கிறான். யார் சொல்வது சரி?

நடுராத்திரி_டிஜே:
பையன் சொல்வதுதான் சரி தல. வித்துடுங்க. அந்தக் காசில் நல்ல ஃப்ளைட் கேஸ் வாங்கலாம்.

பிங்க்நாய்ஸ்:
அவசரப்பட்டு விற்க வேண்டாம் தம்பி, அதே சமயம் கடைக்காரர் சொன்னதையும் நம்ப வேண்டாம். பாசிவ் செட்டில் ப்ராசசர் செய்த வேலை என்னென்ன என்று யோசித்துப் பார். பேஸையும் டாப்பையும் பிரிப்பது (கிராஸ்ஓவர்), பாக்ஸுக்குள் அதிரும் டிரைவருக்குத் தகுந்த ஈக்யூ (எந்த ஸ்வரம் கூட, எது குறைய என்ற திருத்தம்), டிரைவர் எரியாமல் சத்தத்தைப் பிடித்து நிறுத்தும் லிமிட்டர், ஹாலுக்கு ஈக்யூ, சத்தத்தைத் தாமதமாக அனுப்பும் டிலே. இதில் முதல் மூன்றையும் உன் புதுப் பாக்ஸுக்குள்ளேயே கம்பெனி செய்து வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஆம்ப் எத்தனை வோல்ட் தரும், காயில் எவ்வளவு சூடு தாங்கும், கோன் எவ்வளவு தூரம் அசையலாம் என்பதெல்லாம் பாக்ஸைச் செய்தவனுக்குத்தான் தெரியும். வெளியே ரேக்கில் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே பாதுகாப்புக்காக ப்ராசசர் என்ற பேச்சை இந்த இழையில் இத்தோடு விட்டுவிடலாம்.

உன் கிக் ஏன் போகிறது என்று சொல்ல எனக்கு நாலு விஷயம் தெரிய வேண்டும். பிஏ2வில் கிராஸ்ஓவர் எத்தனை ஹெர்ட்ஸ்? டாப்பின் பின்னால் எச்பிஎஃப் (பேஸை வெட்டும்) சுவிட்ச் எங்கே நிற்கிறது? சப்பில் எக்ஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுவது என்ற சுவிட்ச்) எங்கே? டி-காண்டூர் (யமஹாவின் டோன் சுவிட்ச்) எதில்?

வைகை_பீட்ஸ்:
அண்ணே, பிஏ2வில் 100 ஹெர்ட்ஸ், ஃபில்டர் வகை லிங்க்விட்ஸ்-ரைலி 24. பழைய பாக்ஸுக்கு வைத்ததை மாற்றவில்லை. டாப்பில் எச்பிஎஃப் 100. சப்பிலும் 100. எல்லாம் 100 இருந்தால் ஒத்துப்போகும் என்று நினைத்தேன். டி-காண்டூர் எஃப்ஓஎச்/மெயின். அப்புறம் மைக் வைத்து ஆட்டோ ஈக்யூவும் (கருவியே அளந்து ஈக்யூ போடுவது) ஓட்டியாயிற்று.

பிங்க்நாய்ஸ்:
எல்லாம் 100 என்பதுதான் வம்பே.

லிங்க்விட்ஸ்-ரைலி 24 என்றால் பிரிக்கும் புள்ளியில் சப் 6 டெசிபல் கீழே, டாப் 6 டெசிபல் கீழே. இரண்டும் ஒரே ஃபேஸில், அதாவது அலைகள் ஒன்றாகவே ஏறி இறங்கி, சேரும்போது 6 ஏறி மட்டமாகிவிடும், கணக்கு அப்படி. நீ பிஏ2வில் ஒரு தடவை வெட்டி, பாக்ஸுக்குள் இன்னொரு தடவை வெட்டுகிறாய். உள்ளே இருப்பதும் அதே மாதிரி ஃபில்டர் என்று வைத்துக்கொண்டால் 100ல் சப்பும் 12 கீழே, டாப்பும் 12 கீழே. சேர்ந்த பிறகும் அங்கே 6 டெசிபல் பள்ளம் மிச்சம். அது போதாதென்று ஒவ்வொரு ஃபில்டரும் ஃபேஸைத் திருப்பும். இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் திரும்பியிருந்தால் சேரும்போது இன்னும் அடிபடும். கிக்கின் குத்து 80க்கும் 120க்கும் நடுவில்தான் நிறைய இருக்கிறது. நீ பள்ளம் தோண்டியிருப்பது சரியாக அந்த இடத்தில்.

அப்புறம் டி-காண்டூர். அந்த நிலையில் யமஹாவே லோவையும் ஹையையும் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறது. உன் ஆட்டோ ஈக்யூ அதைப் பார்த்து, அடடா இங்கே மேடு என்று வெட்டியிருக்கும். பாக்ஸ் தூக்குகிறது, ப்ராசசர் இறக்குகிறது. இதற்கு இரண்டையும் சும்மா விட்டிருக்கலாம்.

வழி இரண்டு இருக்கிறது. பிஏ2வில் கிராஸ்ஓவரே இல்லாமல் ஃபுல் ரேஞ்சாக வைத்துவிட்டு, அங்கிருந்து சப்புக்கு, சப்பிலிருந்து டாப்புக்கு, பிரிக்கிற வேலை முழுவதும் பாக்ஸிடம். இது முதல் வழி. இல்லையென்றால் பிரிக்கிற வேலை முழுவதும் பிஏ2விடம், டாப்பில் எச்பிஎஃப் ஆஃப். ஆனால் உன் சப்பில் 80, 100, 120 என்று மூன்று நிலைதான், அதை 120ல் வைத்துவிட்டு பிஏ2வில் 90 போல இறங்கிக்கொள்ள வேண்டும். உனக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். சப் மேலேயே கம்பு போட்டு டாப் நிற்கிறதென்றால் தனியாக டிலே கொடுக்க ஒன்றும் இல்லை.

பதினெட்டு_இன்ச்:
நான் சவுண்ட் வாடகைக்கு விடுகிறவன், திருப்பூர். பிங்க்நாய்ஸ் சொன்ன கிராஸ்ஓவர் கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ப்ராசசரை ஏதோ பழைய காலத்து சாமான் மாதிரிப் பேசுவது சரியில்லை. என் பவர்டு செட் ஒவ்வொன்றோடும் ஒரு ப்ராசசர் போகிறது, முன்பக்கம் பூட்டி. காரணம், என் பாக்ஸை ஓட்டுவது நான் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் வந்து மாஸ்டரை முழுசாக ஏற்றுவான். பாக்ஸுக்குள் லிமிட்டர் இருக்கிறது, எரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லிமிட்டரில் போய் மோதிக்கொண்டே மூன்று மணி நேரம் ஓடுகிற பாக்ஸின் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? ஜனங்கள் டிஜேயைத் திட்டமாட்டார்கள், செட்டு சரியில்லை என்பார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் நிறுத்திவிடுகிறேன்.

பிங்க்நாய்ஸ்:
அது நியாயமான காரணம்தான் அண்ணே. வாடகை செட்டுக்கு நானும் அதைத்தான் செய்வேன். இரண்டு ஓட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன், படிக்கிற பையன்களுக்காக.

ஒன்று, பவர்டு பாக்ஸின் முதுகில் லெவல் குமிழ் இருக்கிறது. ப்ராசசர் லிமிட்டரில் நீங்கள் வைத்த த்ரெஷோல்ட் (அது பிடிக்கத் தொடங்கும் அளவு) அந்தக் குமிழ் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் வரைக்கும்தான் செல்லும். யாராவது பின்னால் போய் ஒரு சுற்று திருகினால் முன்னால் பூட்டியது வீண். டேப் ஒட்டுங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். மாஸ்டரை சிவப்பில் ஓட்டினால் அலை மிக்ஸரிலேயே தலை வெட்டுப்பட்டுத்தான் வெளியே வருகிறது. அதற்குப் பின்னால் எத்தனை லிமிட்டர் போட்டாலும் வெட்டுப்பட்ட அலையைச் சின்னதாக்கத்தான் முடியும், அடிப்பிடித்த பாயசத்தில் பால் ஊற்றுகிற கதை. ஆகவே மாப்பிள்ளையின் நண்பனைத் தடுக்க வேண்டிய இடம் மிக்ஸர். நல்ல மிக்ஸர்களில் மாஸ்டர் அவுட்டைச் சில டெசிபல் உள்ளேயே குறைத்து வைக்கலாம். ஆனால் அது கடைசி வெளியீட்டைத்தான் குறைக்கும். சேனல் ட்ரிம்மை (பாட்டு உள்ளே வரும் அளவை வைக்கும் குமிழ்) ஒருவன் முழுசாகத் திறந்தால் அதற்கும் மருந்தில்லை, மிக்ஸர் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டியதுதான்.

வைகை_பீட்ஸ்:
கெயின் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் கன்ட்ரோலரில் எக்ஸ்எல்ஆர் அவுட், ஆர்சிஏ அவுட் இரண்டும் உண்டு. இதுவரை ஆர்சிஏவிலிருந்து எடுத்து பிஏ2வுக்குக் கொடுத்தேன். பரவாயில்லையா?

பிங்க்நாய்ஸ்:
எக்ஸ்எல்ஆர் இருக்கும்போது ஆர்சிஏ எதற்கு? ஆர்சிஏ வீட்டு சாமான் அளவு, மைனஸ் 10 டிபிவி. எக்ஸ்எல்ஆர் பெரும்பாலும் பிளஸ் 4 டிபியு. இரண்டுக்கும் கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். அந்தப் பன்னிரண்டை ஈடுகட்ட நீ பாக்ஸின் குமிழை ஏற்றுவாய், கூடவே இரைச்சலும் ஏறும். ஆர்சிஏ பேலன்ஸ்டு இல்லை, அதாவது வழியில் கேபிள் பிடிக்கும் இரைச்சலைத் தானே கழிக்காது, லேப்டாப் சார்ஜர் மாட்டியதும் உர்ர்ர் என்று வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். நீளக் கேபிள் என்றால் கேட்கவே வேண்டாம்.

வரிசையாகச் செய். முதலில் மிக்ஸரில் பாட்டைப் போட்டு மாஸ்டர் மீட்டர் சிவப்புக்குக் கொஞ்சம் கீழே ஆடும்படி வை. பிஏ2வின் இன்புட்டில் க்ளிப் விளக்கு எரியவில்லையா என்று பார். பாக்ஸின் குமிழைக் கடைசியாகத் திருகு, நிகழ்ச்சியில் உனக்கு வேண்டிய முழுச் சத்தத்துக்கு பாக்ஸின் லிமிட் விளக்கு எப்போதாவது மினுக்குகிற இடம் வரை. அதோடு நிறுத்து.

டொரண்டோ_தாளம்:
அண்ணை, இஞ்ச நான் பாங்க்வெட் ஹோல்களில செய்யிறன். என்னட்ட க்யூ.எஸ்.சி கே12.2 பவர்டு பெட்டி இரண்டு. அதுக்குள்ளயே ஈக்யூ, கிராஸ்ஓவர், டிலே எல்லாம் மெனுவில இருக்கு, செய்து சேமிச்சும் வைக்கலாம். இப்பிடியான பெட்டி வைச்சிருக்கிற ஆளுக்கு வெளியில ஒரு ப்ராசசர் எதுக்கு எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. ஒரு விசயம் மட்டும், நாலு பெட்டி வைச்சால் நாலு பெட்டிக்குப் பின்னாலயும் போய்க் குனிஞ்சு அமத்த வேணும்.

பதினெட்டு_இன்ச்:
அதேதான் தம்பி. ஆறு அவுட்டும் ஒரே இடத்தில், டேப்லெட்டில். பிஏ2வில் வைஃபை உள்ளே கிடையாது, ஈதர்நெட் ஓட்டைதான். சின்ன ரவுட்டர் ஒன்று மாட்டிக்கொண்டால் ஹாலின் கடைசி வரிசையில் நின்றுகொண்டு மாற்றலாம். மேடைக்குப் பக்கத்தில் நின்று ஈக்யூ செய்கிறவனுக்கும் கடைசி வரிசையில் நின்று செய்கிறவனுக்கும் வித்தியாசம் உண்டு.

நடுராத்திரி_டிஜே:
சரி தல, ஆட்டோ ஈக்யூ? நான் ஒரு நண்பருடைய செட்டில் பார்த்தேன், சிஷ்ஷ்ஷ் என்று ஒரு நிமிஷம் சத்தம், அப்புறம் மந்திரம் போட்ட மாதிரி மாறிவிட்டது.

பிங்க்நாய்ஸ்:
மாறும். நல்லதாகத்தான் மாறியது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்த சிஷ்ஷ் பிங்க் நாய்ஸ், ஒவ்வொரு ஆக்டேவிலும் ஒரே அளவு ஆற்றல். மைக் நிற்கிற அந்த ஒரு புள்ளியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கருவி பார்க்கிறது. மேட்டை வெட்டுவதில் தப்பில்லை. பள்ளத்தைத் தூக்குவதுதான் ஆபத்து. ஏனென்றால் நம்ம ஊர் மண்டபத்தில் பள்ளம் பெரும்பாலும் பாக்ஸின் குறை கிடையாது, சுவர் செய்கிற வேலை.

கணக்கு பார்ப்போம். சப்பைப் பின்சுவரிலிருந்து மூன்றரை அடி, அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல், தள்ளி வைத்திருக்கிறாய். சப்பின் சத்தம் பின்பக்கமும் போகும், பேஸுக்கு முன் பின் தெரியாது. சுவரில் பட்டுத் திரும்பி வர இரண்டு மீட்டர் சொச்சம் கூடுதலாக நடந்திருக்கும். 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 343ஐ 80ஆல் வகுத்தால் 4.3 மீட்டர், அதில் பாதி 2.15. அதாவது திரும்பி வருகிற 80 ஹெர்ட்ஸ் சரியாகத் தலைகீழாக வந்து நேராகப் போகிற 80 ஹெர்ட்ஸைத் தின்கிறது. இப்போது ஈக்யூவில் 80ஐ 6 டெசிபல் தூக்கினால் நேர் அலையும் கூடும், எதிர் அலையும் அதே அளவு கூடும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். 6 டெசிபல் என்றால் ஆம்புக்கு நாலு மடங்கு பவர். நாலு மடங்கு கொடுத்து ஒன்றும் கிடைக்கவில்லை, பாக்ஸ் மட்டும் லிமிட்டரில் இடிக்கிறது.

சப்பைத் தள்ளிக்கொண்டுபோய் சுவரோடு ஒட்டி வை. பள்ளம் மேலே ஓடிப்போய்விடும், சப் வேலை செய்கிற எல்லைக்கு வெளியே. காசு செலவில்லை.

பதினெட்டு_இன்ச்:
இதை நூறு தடவை சொல்லியும் கேட்பதில்லை. டெக்கரேஷன்காரர் இடம் விட்ட இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இன்னொன்று, இரண்டு சப்பை மேடைக்கு இடது வலது என்று பிரித்து வைக்கிற பழக்கம். நடு வரிசையில் பேஸ் பொங்கும், நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது. இரண்டையும் ஒன்றாக நடுவில் போட்டால் ஒரு சப்பை விட 6 டெசிபல் வரை கூடும், ஹால் முழுக்க ஓரளவு சமமாகவும் போகும். நடுவில் வைத்தால் போட்டோ எடுக்க மறைக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். அப்போது இரண்டையும் ஒரே பக்கம் போடுங்கள், தேவலை.

பிங்க்நாய்ஸ்:
அப்படி டாப்பையும் சப்பையும் பிரித்து வைக்கும்போதுதான் ப்ராசசருக்கு உண்மையான வேலை வருகிறது. சப் இரண்டு மீட்டர் முன்னால் நின்றால் அதன் சத்தம் 6 மில்லி செகண்ட் முந்தி வரும். 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு சுற்றே 10 மில்லி செகண்ட்தான், பாதிச் சுற்றுக்கு மேல் விலகிவிட்டது. வைகை தம்பி, இந்த மாதிரி ஹாலில் நான் சொன்ன இரண்டாம் வழிக்குப் போ. பிரிக்கும் புள்ளியில் ஒரு டோனைப் போடு, சப்பின் பின்னால் போலாரிட்டி சுவிட்சைத் தலைகீழாக்கு (அலை தலைகீழாகும்), ஜனங்கள் ஆடும் இடத்தில் நின்றுகொண்டு சப்பின் டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. எங்கே சத்தம் மிகக் குறைகிறதோ அதுதான் இடம். பிறகு போலாரிட்டியைத் திருப்பிப் போடு. அதிகமாகக் கேட்கும் இடத்தைத் தேடுவதை விடக் குறைகிற இடத்தைத் தேடுவது காதுக்குச் சுலபம். தூரத்தை அளந்து வந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே தேடு, ஒரு முழுச் சுற்று தள்ளிப் போனாலும் அதே பள்ளம் இன்னொரு தடவை வரும்.

ஒரு எச்சரிக்கை. டாப்பை மட்டும் ப்ராசசர் வழியாக விட்டு, சப்பை மிக்ஸரின் இன்னொரு அவுட்டிலிருந்து நேராக எடுக்காதே. டிஜிட்டல் பெட்டிக்குள் போய் வெளியே வரவே ஓரிரண்டு மில்லி செகண்ட் ஆகும், அந்தத் தாமதம் ஒரு பக்கம் மட்டும் சேர்ந்துவிடும். போனால் இரண்டும் போகட்டும்.

டொரண்டோ_தாளம்:
ஈக்யூ வெறும் ஹோலில செய்யிறதோ, சனம் வந்தாப் பிறகோ?

பிங்க்நாய்ஸ்:
வெறும் ஹாலில் அடிப்படை மட்டும். டைல்ஸ் தரை, வெறும் சுவர், தகரக் கூரை என்றால் ஹை எல்லாம் துள்ளும், நீ வெட்டித் தள்ளுவாய். ஐந்நூறு பேர் பட்டுப் புடவையோடு வந்து உட்கார்ந்ததும் ஹையையும் மிட்டையும் அவர்களே உறிஞ்சிவிடுவார்கள், சத்தம் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். பேஸை அவர்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே ஹையில் கை வைக்காமல் 160 முதல் 250 வரை கும்மென்று நிற்கிற இடத்தை மட்டும் அகலமாக, லேசாகக் குறை. மைக்கை நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்து எல்லா இடத்திலும் தெரிகிற மேட்டை மட்டும் தொடு. லேப்டாப்பில் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற அளவெடுக்கும் சாஃப்ட்வேர் இலவசம், யுமிக்-1 மாதிரி அளவெடுக்கும் யுஎஸ்பி மைக் ஒன்று போதும். ப்ராசசர் வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்த மைக்கை வாங்குங்கள் என்பேன்.

வைகை_பீட்ஸ்:
ஆங்கர் மைக் விசிலடிப்பதற்கு பிஏ2வில் ஏஎஃப்எஸ் (விசிலைத் தானே கண்டுபிடித்து வெட்டுவது) ஆன் செய்து வைத்திருக்கிறேன், அது இருக்கலாமா அண்ணே?

பிங்க்நாய்ஸ்:
டிஜே லைனில் வேண்டாம். நீளமாக இழுக்கிற சிந்த் நோட்டைக் கேட்டால் அது விசில் என்று நினைத்து அங்கே ஒரு வெட்டுப் போடும், நாலு பாட்டு போனதும் மிக்ஸ் முழுக்க ஓட்டை. மைக் சேனலுக்கு மட்டும் ஏதாவது இருந்தால் போடு. இல்லையென்றால் ஆங்கரை பாக்ஸுக்கு முன்னால் நடக்கவிடாதே, அதுவே பாதி வேலை. மைக் நிறைய என்றால் ப்ராசசருக்குப் பதில் சின்ன டிஜிட்டல் மிக்ஸரே ஒன்று எடுக்கலாம், சேனல் ஈக்யூ, அவுட்புட் ஈக்யூ, லிமிட்டர் எல்லாம் அதிலேயே வரும். அவுட்புட் டிலே மட்டும் எல்லா மாடலிலும் கிடையாது, கேட்டு வாங்கு.

நடுராத்திரி_டிஜே:
போலீஸ் வராமல் இருக்க ஏதாவது பட்டன் இருக்கிறதா அதில்? 😀

பதினெட்டு_இன்ச்:
சிரிக்காதீர்கள், நான் ப்ராசசரில் ஒரு ப்ரீசெட் (சேமித்து வைத்த அமைப்பு) அதற்கென்றே வைத்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஸ்பீக்கர் கூடாது, மூடிய மண்டபத்துக்குள் உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் ஓட்டலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலிலேயே 55 டெசிபல், இரவில் 45. பக்கத்துத் தெருவுக்கு முதலில் போய்ச் சேருவது பேஸ்தான், ஹை எல்லாம் சுவரிலேயே நின்றுவிடும். ஒன்பதரை ஆனதும் அந்த ப்ரீசெட்டில் சப்பின் லெவல் பாதியாக, 50க்குக் கீழே வெட்டு. ஆடுகிறவனுக்கு அவ்வளவாகத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நன்றாகத் தெரியும். பாக்ஸ் பாக்ஸாகப் போய்த் திருகிக்கொண்டிருந்தால் இது நடக்காது.

வைகை_பீட்ஸ்:
முதல் வழியில் போட்டுப் பார்த்தேன். பிஏ2வில் கிராஸ்ஓவர் எடுத்தாயிற்று, ஆட்டோ ஈக்யூ, ஏஎஃப்எஸ் இரண்டும் ஆஃப், டி-காண்டூரும் ஆஃப். எக்ஸ்எல்ஆரில் எடுத்தேன். கிக் திரும்ப வந்துவிட்டது, நேராகப் போட்டபோது இருந்ததை விட வெகு சுத்தம். பிஏ2வை விற்கப் போவதில்லை. அடுத்த வாரம் நீளமான மண்டபம், பின்னால் பந்தி பக்கம் இரண்டு சின்னப் பவர்டு பாக்ஸ் கேட்கிறார்கள், முன் பாக்ஸிலிருந்து பதினைந்து மீட்டர். டிலே எவ்வளவு?

பிங்க்நாய்ஸ்:
15ஐ 343ஆல் வகுத்தால் 44 மில்லி செகண்ட். நம்ம ஊர் சூட்டில் ஒலி கொஞ்சம் வேகம், 30 டிகிரியில் 349, அப்போது 43. அதற்கு மேல் ஒரு 10 சேர்த்துக்கொள், சத்தம் மேடையிலிருந்து வருகிற மாதிரியே காதுக்குப் படும். ஆனால் உன் ப்ராசசரில் ஒவ்வொரு அவுட்டுக்கும் தனியாக அவ்வளவு கொடுக்க முடியுமா என்று மேனுவலைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள், சில பெட்டிகளில் அவுட்டுக்கான டிலே சப், டாப் சேர்க்கிற அளவோடு நின்றுவிடும். போதவில்லை என்றால் டிலே மெனு உள்ள பவர்டு பாக்ஸ் இரண்டு வாடகைக்கு எடு. அந்தப் பாக்ஸ்களுக்கு சப் கிடையாதே, அதனால் பேஸைக் கொடுக்காதே, 120க்குக் கீழே வெட்டிவிடு.

பதினெட்டு_இன்ச்:
கேபிளைச் சுவரோரமாக, தரையில் இல்லாமல் மேலே கட்டி இழுக்கவும். பந்தி நடக்கிற இடத்தில் தரையில் போட்டால் சாம்பார் வாளி தூக்கி வருகிறவர் காலில்தான் மாட்டும்.